டேபிள் சாவை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாமா? பிளேடுக்குப் பின்னால் இருக்கும் தகடு தேவைதானா?

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர் என்று தெரிகிறது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, புதிதாக வாங்கிய பத்து அங்குல டேபிள் சா (மேசையின் நடுவே வட்டப் பிளேடு எழும்பி நிற்கும் மின் ரம்பம்), "அரை மணி நேரத்தில் பொருத்திவிடலாம்" என்று கடைக்காரர் சொன்னது, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் சின்னத் தகட்டைக் கழற்றிப் போடும்படி தெரிந்த ஆசாரி சொன்னது, எல்லாம் கேள்வியிலேயே இருக்கின்றன.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களே பொருத்தலாம். அரை மணி நேரத்தில் முடியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்குங்கள். அந்தத் தகட்டை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

நான் கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். தச்சு எனக்குத் தொழில் அல்ல. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்து மாட்டுக் கொட்டில் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் கொடுத்த பிறகு அது சும்மா கிடந்தது. அதில்தான் என் ரம்பம் நிற்கிறது. இரும்பு வேலை செய்கிறவனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. மரத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வரவில்லை. ஓர் இயந்திரத்தை நேராக நிறுத்துவது எப்படி என்பது எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

மாட்டுக் கொட்டிலின் தரை சரிவாகத்தான் இருக்கும், கழுவிவிட்ட தண்ணீர் ஓட வேண்டுமல்லவா. உங்கள் மொட்டை மாடியிலும் மழைநீர் வடிய கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். அங்கே நான்கு கால் ஸ்டாண்டை வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். ஆகவே ஸ்டாண்டின் போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். இயந்திரம் நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து, நான்கு கால்களும் தரையில் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரைப் போடுங்கள். முன்பே இறுக்கிவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்பதைவிட, மேசை ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஆடும் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகாதீர்கள், அதிர்வில் நகர்ந்துவிடும். திருகி உயர்த்தும் கால் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பிளைவுட் துண்டை அளவாக இழைத்துக் காலோடு சேர்த்துத் திருகிவிடுங்கள்.

பெட்டியைத் தனி ஆளாக மாடிக்குத் தூக்க வேண்டாம். தெர்மோகோலை உடனே குப்பையில் போடவும் வேண்டாம். பிளேடு மாற்றும் ஸ்பேனர்களும் தள்ளுகோலும் அதன் பொந்துகளுக்குள்தான் செருகியிருக்கும்.

அடுத்தது மின்சாரம். 1,800 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். ஓட ஆரம்பிக்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். மாடியில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த வயரில், 6 ஆம்பியர் பிளக்கில் இதை மாட்டக் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த் ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். இனி நான் சொல்லும் எல்லா வேலையையும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

பிளேடை மாட்டும்போது மேலே தெரியும் பற்கள் நீங்கள் நிற்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அதன் நட்டைக் கழற்றும்போது பிளேடு சுழலும் திசையிலேயே திருப்புங்கள். ஓடும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக்கூட அந்த வேகம் இல்லை.

இனிதான் உண்மையான வேலை. மேசையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பிளேடு அந்தப் பள்ளத்துக்கு இணையாக நிற்க வேண்டும், மரத்தை அணைத்துத் தள்ளுவதற்கான நேர்ச்சட்டமான ஃபென்ஸும் அதே பள்ளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால்தான் இயந்திரம் பொருத்தப்பட்டது என்று அர்த்தம். போல்ட்டை இறுக்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள்தான் "அரை மணி நேரம்" என்கிறார்கள்.

அளப்பது எளிது. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடியும் அளங்கள். அதே பல்லாக இருப்பது அவசியம். பிளேடில் சிறு நெளிவு இருந்தாலும் அது கணக்கில் புகாது. நான் பட்டறையிலிருந்து, நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் கொண்டுவந்து பார்த்தேன். புத்தம் புதிய இயந்திரத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் 0.35 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. மேசைக்கு அடியில் மோட்டார்ச் சட்டத்தைத் தாங்கும் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, மரக்கட்டையால் மெல்லத் தட்டி, 0.05-க்குள் கொண்டுவந்து இறுக்கினேன். இறுக்கும்போது மறுபடி நகரும், ஆகவே இறுக்கிய பின்னும் அளக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாவிட்டால் பரவாயில்லை. மூலைமட்டத்தைப் பள்ளத்து ஓரத்தில் அணைத்துப் முன்பக்கம் பல்லைத் தொடவைத்து, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோனால் தெரியும் இடைவெளியில் சாதாரண ஏ4 தாளைச் செருகிப் பாருங்கள். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு தாள் நுழைந்தால் விட்டுவிடலாம், மூன்று நுழைந்தால் விடக் கூடாது.

"மழைக்காலத்தில் மரமே அதைவிட அதிகம் உப்பும், இதில் 0.05 பார்ப்பது வீண்" என்று சொல்வார்கள். மரம் உப்பும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே நான் பார்ப்பது மரத்தின் அளவை அல்ல. பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்குகின்றன, மரத்தை மேசையோடு அமுக்குகின்றன. பின்பக்கப் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலே ஏறுகின்றன. ஃபென்ஸ் பின்னால் நெருங்கி மரத்தைப் பிளேடு மீது சாய்த்தாலோ, அறுத்த பிளவு மூடிக்கொண்டாலோ, அந்தப் பின்பற்கள் மரத்தைத் தூக்கி நீங்கள் நிற்கும் திசைக்கே எறியும். கட்டை எகிறுகிறது என்று நம் ஆசாரிகள் சொல்வது இதைத்தான். ஆகவே ஃபென்ஸின் பின்நுனி ஒரு தாள் கனம் விலகியிருந்தால் குற்றமில்லை. நெருங்கியிருக்கவே கூடாது.

இப்போது அந்தத் தகட்டுக்கு வருகிறேன். ரைவிங் நைஃப் என்று கையேட்டில் போட்டிருக்கும். எங்கள் வீட்டுக்கு நிலையும் கதவும் செய்து கொடுத்த ஆசாரி அண்ணன் ரம்பத்தைப் பார்க்க வந்தார். கைசுத்தமான வேலைக்காரர், அவர் வைத்த கதவு இன்றுவரை ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவர் இருபது வருடத்துக்கு மேலாக, கையால் பிடிக்கும் கட்டிங் மிஷினைப் பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகித்தான் மரம் அறுத்து வருகிறார். பிளேடுக்கு மேல் மூடியும் கிடையாது, பின்னால் தகடும் கிடையாது. பெரும்பாலான வீட்டு வேலைகள் அப்படித்தான் நடக்கின்றன. அவர் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இது இருந்தால் பலகையில் காடி எடுக்க முடியாது" என்றார்.

நான் கழற்றவில்லை. காடி என்றால் பலகையை முழுதாக அறுக்காமல் பள்ளம் மட்டும் போடுவது. மூடிதான் அதற்கு இடைஞ்சல், தகடு இடைஞ்சல் அல்ல. என் இயந்திரத்தில் தகட்டைப் பிளேடின் உச்சிக்குக் கீழே இறக்கி நிறுத்த முடியும், அப்படி நிறுத்தினால் காடியும் எடுக்கலாம். ஆனால் இதைச் சொல்லி அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. வயதில் மூத்தவர், தொழிலிலும் மூத்தவர்.

அன்று அறுக்க வைத்திருந்தது எங்கள் வீட்டு வேம்பு. வாசலில் சாய்ந்தே வளர்ந்த மரம், காற்றில் விழுந்தது. மில்லில் பலகையாக அறுத்து, ரொம்ப நாள் காயப்போட்டிருந்தேன். சாய்ந்து வளர்ந்த மரத்துக்குள் இழுவிசை தேங்கி நிற்கும், அறுக்கும்போது அது விடுபட்டு மரம் வளையும். அந்தப் பலகையை நீளவாக்கில் விட்டபோது முதல் ஓர் அடி வெண்ணெய் மாதிரி போனது. பிறகு மோட்டாரின் சத்தம் கனத்தது. பிளேடுக்குப் பின்னால் பிளவு கண்ணெதிரே சுருங்கிக்கொண்டே வந்து, இரண்டு பக்கமும் தகட்டைக் கவ்விப் பிடித்தது. தள்ளினாலும் பலகை நகரவில்லை. அழுத்திப் பிடித்தபடியே சுவிட்சை அணைத்தேன். பிளேடு நின்றதும் பார்த்தால், தகட்டின் இரு புறமும் வேப்பஞ்சாறு காய்ந்த நிறத்தில் பளபளவென்று தேய்ந்த கோடு.

ஆசாரி அண்ணன் குனிந்து பார்த்தார். எதுவும் பேசாமல் ஒரு சிராய்க் கட்டையை எடுத்து, உளியால் கூராகச் சீவி, பிளவின் வாயில் ஆப்பாக அடித்தார். பிளவு திறந்தது. மறுபடி ஓட்டி மிச்சத்தை அறுத்தோம். "பெரிய ரம்பத்தில் இரண்டு பேராக மரம் அறுத்த காலத்தில் எங்கள் அப்பா இப்படித்தான் ஆப்பு வைத்துக்கொண்டே போவார்" என்றார். அந்தத் தகடு அதே ஆப்புதான். பிளேடு ஏறினாலும் இறங்கினாலும் கூடவே வரும், கீழே விழாத ஆப்பு. ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சிறு வயதில் கேட்டு வளர்ந்த நாம், இயந்திரத்தோடு வரும் ஆப்பை முதல் வேலையாகப் பிடுங்கிப் போடுகிறோம். எனக்கு இதில்தான் ஆத்திரம். விரல் போன பிறகு "விதி" என்று பேசுவதைக் கேட்கும்போது இன்னும் ஆத்திரமாக வருகிறது.

அவரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கைக்குப் பழகிய முறையில் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறார். எனக்கு வந்த கையேட்டில் எத்தனையோ மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. தகடு எதற்கு என்று அவருக்கு அவர் மொழியில் எழுதிக் கொடுக்காதவர்கள்தான் பொறுப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, மாடியில் வைக்கிறீர்கள் என்பதால். இந்த ரம்பம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் காதுக்குச் சத்தம் 100 டெசிபலைத் தொடும். அக்கம்பக்கத்தில் புகார் வரும். எனக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் சிறிது நேரம் பலகை அறுத்ததற்கு ஆள் அனுப்பினார்கள். அனுப்பியவர் வீட்டுக் காதணி விழாவுக்கு, தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்து, கூம்பு ஒலிபெருக்கி கட்டி, விடியற்காலை முதல் பாட்டுப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல்தான் வரம்பு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியே கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் தெருவில் அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒருவன் தன் வீட்டில் தன் கையால் பிள்ளைக்கு ஒரு புத்தக அலமாரி செய்தால் அது தொல்லை. சரி, நான் என் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன்: சுவரோரம் ரப்பர் விரிப்பு, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியிலும் ரப்பர், மாலை ஐந்துக்கு மேல் அறுப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள், பேசுவதற்கு அவர்களுக்கு இடம் இருக்காது.

இன்னும் சில. தோளில் துண்டு, தொங்கும் கைலி, கையுறை எதுவும் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைப்பார்கள், நூல் பல்லில் மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். பல் மரத்துக்கு மேலே தெரியும் அளவுக்கு பிளேடை ஏற்றினால் போதும். நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல். முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

விரல் பட்டால் தானே நிற்கும் ரம்பம் இருக்கிறதே என்றும் சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் உருவாக்கியது. தோல் பட்டதும் மின்சாரக் குறிப்பை உணர்ந்து சில மில்லிவினாடிகளில் பிளேடை நிறுத்திவிடும். அருமையான வேலை. ஆனால் நானும் நீங்களும் வாங்கிய விலைக்கு அது வராது. நம்மிடம் இருப்பது அந்தத் தகடும் நம் கவனமும்தான்.

ஆசாரி சொன்னார் என்று ஏற்கெனவே கழற்றியிருந்தால், இன்றே தேடி எடுத்து மாட்டுங்கள். நீளமான ஸ்கேலைப் பிளேடின் பக்கவாட்டில் அணைத்து, தகடு பிளேடுக்கு நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பிளேடின் உடலைவிடக் கனமாகவும், அது அறுக்கும் பிளவைவிட மெல்லியதாகவும் தகடு இருக்க வேண்டும். இந்த அளவுகள் இரண்டின் மேலும் பொறித்திருக்கும். பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள்.