பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 வாங்கி, பிறகு ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு சேர்க்கலாமா? விண்டோஸ் 11 ஓடுமா?

விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டுமென்றால் இதை விட்டுவிடுங்கள். 9020-இல் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ப்ராசசர். மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றுகிறார்கள். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் தானாக வரும் என்று நம்ப முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம்.

விற்பவர் "ஐ5" என்று மட்டும் சொன்னால் முழு எண்ணையும் கேளுங்கள். ஐ5-4590 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. மாடல் பெயரை நம்பவே வேண்டாம்: டெல் 2012-இல் விட்ட ஆப்டிபிளெக்ஸ் 7010 வேறு, 2023-இல் விட்ட 7010 வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

ரேமில் டிடிஆர்3 மட்டுமே ஏறும். டிடிஆர்4-இன் வெட்டு இருக்கும் இடமே வேறு, ஸ்லாட்டில் உட்காராது. டவரிலும் சின்ன கேபினெட்டிலும் (எஸ்எஃப்எஃப்) நான்கு ஸ்லாட், மொத்தம் 32 ஜிபி வரை. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 குச்சிகளில் "ஏஎம்டி மட்டும்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைச் செருகினால் இன்டெல் போர்டில் டிஸ்ப்ளேயே வராது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமும் அப்படித்தான்.

எஸ்எஸ்டிக்கு 2.5 அங்குல சாட்டா போதும். என்விஎம்இ-யை (சாட்டாவை விட வேகமான எஸ்எஸ்டி வகை) அடாப்டர் கார்டில் மாட்டினால் விண்டோஸுக்குள் போன பிறகு டிரைவாகத் தெரியும், ஆனால் அந்தக் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது.

பலர் மாட்டிக்கொள்வது பவர் சப்ளையில். சின்ன கேபினெட்டில் இருப்பது 255 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் வயர் அதில் கிடையாது. கடையில் விற்கும் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) உள்ளே நுழையாது. நுழைந்தாலும் அதன் பிளக் 24 பின், டெல் போர்டில் இருப்பது 8 பின். ஆகவே 30 வாட் ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு, அதுவும் சின்ன கேபினெட்டுக்குப் பொருந்தும் அரை உயரப் பட்டையோடு வருவது, வாங்கினால் வம்பில்லை. கேம் விளையாடத்தான் என்றால் டவர் மாடலைத் தேடுங்கள். அதிலும் அதே 8 பின்தான், ஆனால் மாற்று அடாப்டர் வயர் போட்டு ஏடிஎக்ஸ் சப்ளையை உள்ளே வைக்க இடமிருக்கும்.

பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்காது, விஜிஏவும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் வாங்குங்கள். எதிர்த்திசை கேபிளும் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் படம் வராது.

காசு கொடுக்கும் முன் ஆன் செய்து எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் விலையைக் குறைத்துப் பேசலாம்: இந்த டெஸ்க்டாப்பில் போர்டில் உள்ள பாஸ்வேர்டு ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் குட்டி மூடி) கழற்றினால் அது அழிந்துவிடும். லேப்டாப்பில் அப்படி ஒரு ஜம்பரை எதிர்பார்க்காதீர்கள். தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அதற்காக மிஷினை ஒதுக்க வேண்டாம்.