பாளையில் திரண்ட ஒரு சொட்டு

"விசுவாசக் குடும்பத்தில்தான் வளர்ந்தேன். ஆனால் இப்போது எதைப் பார்த்தாலும் மனம் அசைவதில்லை, ஆலயத்துக்குப் போவதுகூடப் பழக்கதோஷமாகிவிட்டது. சின்ன வயதில் இருந்த அந்த வியப்பு திரும்ப வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் உயிரியல் ஆசிரியை. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம், இடையன்குடிக்குப் போகிற வழியில். கைக்குழந்தையில் ஞானஸ்நானம், அப்புறம் ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, சபையின் முழு அங்கமாக ஏற்கிற திடப்படுத்தல் என்று எல்லாம் முறையாக நடந்தது. வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகு ஏழெட்டு வருடம் உள்ளே வறண்டு கிடந்தது. காலையில் வேதம் வாசிப்பேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. பாளையங்கோட்டை ஆலயமான ஊசிக்கோபுரம் வழியாகத்தான் தினமும் பேருந்து போகும். நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை. சந்தேகம் ஒன்றும் வரவில்லை, பெரிய தப்பும் செய்துவிடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எதைச் சொல்லி ஜெபிப்பது?

கன்வென்ஷன் என்கிற பெரிய ஜெபக் கூட்டங்களுக்குப் போனேன். அங்கே அழுகை வரும். மறுநாள் காலை இட்லிக்கு மாவு எடுக்கும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. கூட்டங்களைக் குறை சொல்லவில்லை, அவற்றால் வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் 'அற்புதம்' என்றாலே சுகமளித்தல், சாட்சி என்று சுருங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஊருக்குப் போயிருந்தேன். பதநீர்க் காலம். என் பெரியப்பா அறுபத்தைந்து தாண்டியும் பனையேறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரத்திலும் ஏறுமுன் அடிமரத்தில் கையை வைத்து "ஸ்தோத்திரம்" என்பார், ஆண்டவருக்கு நன்றி என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே கேட்டது. இருமலைப் போல, செருமலைப் போல அதுவும் அவருடைய ஒரு சத்தம் என்று விட்டிருந்தேன்.

விளையில், அதாவது எங்கள் பனந்தோப்பில், ஒரு பனை குட்டை. அதற்கு மட்டும் ஏணிதான் வைப்பார். அன்றைக்கு என்னவோ, "ஏட்டி, நீதான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துதியே, ஏறி வந்து பாரு" என்றார். பயந்துகொண்டே ஏறினேன். பனம்பூக் குலையான பாளை முகத்துக்கு நேரே இருந்தது. அவர் முதலில் ஏறிச் சீவிவிட்டு இறங்கியிருந்தார். நுனியில் வெற்றிலைக் கனம்கூட இராது, அவ்வளவு மெல்லிய சீவு. வெட்டின இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அதில் முதலில் ஒரு பளபளப்பு. அப்புறம் அது உருண்டு, கீழ்விளிம்புக்கு வந்து, விழாமல் நின்றது. கிழக்கு வெளிச்சம் முழுவதும் அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. பிறகு சுண்ணாம்பு தடவின கலயத்துக்குள் விழுந்தது. அடுத்தது திரள ஆரம்பித்தது.

பதினான்கு வருடமாக நான் கரும்பலகையில் மரத்துக்குள் உணவைக் கடத்தும் குழாய்களான புளோயத்தை வரைந்திருக்கிறேன். இலையில் வெயிலால் உண்டாகும் சர்க்கரை அந்தக் குழாய்கள் வழியாகத்தான் மரம் முழுக்கப் போகிறது என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பேன். வேம்பு போன்ற மரங்கள் தண்டு பருக்கப் பருக்கப் புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். பனைக்கு அது கிடையாது. அடிமரம் உருவானபோது வந்த உயிரணுக்களே, மரம் நிற்கும் காலம் எல்லாம் செத்துப்போகாமல் உழைக்க வேண்டும். பெரியப்பாவின் அப்பா ஏறின மரத்தில் அதே உயிரணுக்கள் இன்றும் வேலை செய்கின்றன. பாடமாக இது எனக்குத் தெரியும். ஏணியில் நின்றபோதுதான் என் கண் நிறைந்தது. "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று 92ஆம் சங்கீதத்தில் வருகிறதே, அங்கேயே இரண்டு வசனம் தள்ளி "முதிர்வயதிலும் கனிதந்து" என்று வரும். மூல எபிரெயத்தில் அது பேரீச்சை என்று தெரியும். எங்கள் ஊரில் அதைப் பனை என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தேன். என் வாயிலிருந்து "ஸ்தோத்திரம்" வந்தது. அந்தச் சொல் ஒருவரிடம் சொல்லப்படுவது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று ராத்திரி யாத்திராகமம் 3 வாசித்தேன். மோசே நாற்பது வருடம் மீதியானில் இருந்தவர், மேய்த்தது மாமனாரின் ஆடு. தினமும் பார்க்கிற காடு, அதில் தீப்பற்றி எரிந்தும் வெந்துபோகாத ஒரு முட்செடி. எங்கள் தேரிக்காட்டு உடைமரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "கிட்டப்போய்" பார்ப்பேன் என்கிறார். அவர் கிட்ட வருகிறதைக் கண்ட பிறகுதான் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இந்த வரிசையை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

உங்களுக்கும் அதையே சொல்வேன். உணர்ச்சியைத் தேடாதீர்கள், கிடைக்காது. தினமும் கையில் படுகிற ஏதாவது ஒன்றின் கிட்டப் போய் நில்லுங்கள், இரண்டு நிமிடம் போதும். அதைத் தந்தவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள்.

மாதக்கணக்கில் ஒன்றும் தோன்றாத காலமும் உண்டு. அப்போது இடையன்குடி ஆலயத்தை நினைத்துக்கொள்வேன். மிஷனரி கால்டுவெல் ஐயர் அந்த ஊருக்கு வந்தது 1841இல். 1847இல் தொடங்கின ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. 33 வருடம். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வந்த சனங்கள் பாதிச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் ஆராதித்திருப்பார்கள்.

தினமும் கிட்டப் போய் நிற்க நான் எடுத்துக்கொண்டது கைப்பிடி அரிசி. அம்மா சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி ஆலயத்துக்கென்று தனி டப்பாவில் போடுவாள். டவுனுக்கு வந்ததும் நான் விட்டிருந்தேன், பணமாகக் காணிக்கை போடுவதால் தேவையில்லை என்று நினைப்பு. இப்போது திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். குக்கர் வைக்கிற அவசரத்திலும் பிடி அரிசியை டப்பாவின் வாயில் வைத்துக் கொஞ்சம் பார்ப்பேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து விளைந்தது, அந்தத் தண்ணீர் பொதிகையில் பெய்தது. எத்தனையோ கைகள் நட்டு, களை எடுத்து, அறுத்தது. விரலிடுக்கில் இரண்டு மணி ஒட்டிக்கொள்ளும். என் இளையவள் அதைத் தட்டி டப்பாவுக்குள் விழவைப்பாள், நான் மறந்தால், "அம்மா, ஸ்தோத்திரம் சொல்லலியே" என்பாள்.