கொழும்பில் கார் ஓட்டப்போகும் தம்பிக்கு: அடிபட்டால் பணம் எங்கிருந்து வரும்?

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் வீடெடுத்திருக்கும் தம்பி கேட்டது இது: "கம்பெனி கொடுத்த காருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கிறது. விபத்தில் யாருக்காவது காயம் பட்டால், நம்ம ஊர் மாதிரி டிரிப்யூனலில் பார்த்துக்கொள்ளலாம்தானே?"

முடியாது தம்பி. இந்தியாவில் வாகன விபத்துக்கென்றே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியையும் நேரடியாக இழுக்கலாம். தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம் வாங்க அங்குள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழிவிடுகிறது. இங்கே இலங்கையில் அப்படித் தனித் தீர்ப்பாயம் கிடையாது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தேர்ட் பார்ட்டி காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவுதான். நட்டஈடு கேட்பது ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே வழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண சிவில் வழக்காக. எதிர்த்தரப்பின் கவனயீனத்தை நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவர் தலையில். ஓட்டியவர் மேலும் உரிமையாளர் மேலும் தீர்ப்பு வாங்க வேண்டும். அதன் பிறகுதான் காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டும் கடமை வருகிறது. வழக்கு நீளும் என்பதால் பல கம்பனிகள் நடுவிலேயே பேசி முடிக்கப் பார்க்கும், அது வேறு கதை.

இன்னொன்று, தேர்ட் பார்ட்டி என்பது நீங்கள் அடித்த ஆளுக்கு. தப்பு உங்கள் பக்கம் என்றால் உங்கள் கால் முறிவுக்கு அதிலிருந்து ஒரு சதம்கூட வராது. முழுக் காப்புறுதி எடுத்தாலும் தானாக வராது, பாலிசியில் பி.ஏ.பி. என்ற தனிநபர் விபத்துப் பலன் சேர்த்திருக்கிறதா, சாரதிக்கு மட்டுமா பயணிகளுக்குமா, தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். சிறு தொகை கூடுதலாகக் கட்டினால் சேர்ப்பார்கள். ஹெச்.ஆர். பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

இனி விபத்து நடந்த இடத்துக்கு வருவோம், ஏனென்றால் தப்பு யாருடையது என்பதில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. காயம் இருந்தால் முதலில் 1990 என்ற எண், சுவசெரிய ஆம்புலன்ஸ், இலவசம். பிறகு 119, பொலிஸ். அதன் பிறகு காப்புறுதிக் கம்பனியின் ஹாட்லைன். எண் காப்புறுதி அட்டையிலேயே இருக்கும். அங்கேயே ஆள் வந்து படம் எடுப்பார். முழுக் காப்புறுதி இருந்து, கண்ணாடி நொறுங்கிய அளவு என்றால் பணமும் அங்கேயே பேசி முடியும். காயம் பட்டிருந்தால் அப்படி முடிக்கவே கூடாது. பொலிஸ் வந்து அளந்து வரைபடம் போடும்வரை வாகனத்தை நகர்த்தாதீர்கள். காலி வீதி என்ற பிரதான சாலையில் பின்னால் நிற்கிற பஸ்காரர் ஹோர்னை அமுக்கிக்கொண்டே இருப்பார், இருக்கட்டும். ஆளைத் தூக்குவதற்காக நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், சக்கரம் நின்ற இடம், பிரேக் தடம், வெள்ளைக்கோடு மூன்றும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்துவிட்டு நகர்த்துங்கள். பம்பரை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தால் பிரயோசனமில்லை.

பொலிஸில் வாக்குமூலம் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரவு டியூட்டியில் தமிழில் எழுதத் தெரிந்தவர் அகப்படுவது அதிர்ஷ்டம். சிங்களத்தில் எழுதினால், தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்து. அதைவிடப் பெரிய பொறி அங்கேயே நடக்கும் சமரசம். "ஐம்பதாயிரம் தருகிறேன், இனி ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்க மாட்டோம்" என்று ஒரு பந்தி எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்கு வெறும் வீக்கமாகத் தெரிந்த முழங்கால் அடுத்த மாதம் சத்திரசிகிச்சை என்று வந்தால், அந்தப் பந்தியைத்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் நீட்டுவார். எக்ஸ்ரே பார்க்காமல் எந்தத் தொகைக்கும் இணங்காதீர்கள்.

தேசிய வைத்தியசாலை விபத்துப் பிரிவுக்குப் போனால், காயத்தை நீதிமன்றத்துக்காகப் பதிவுசெய்யும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை எளிதில் நடக்கும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் பில்லை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். சட்ட வைத்தியப் பரிசோதனைக்கான படிவம் பொலிஸிலிருந்து வர வேண்டும் என்பதால் எங்கே சேர்ந்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், மருந்து ரசீது, சம்பளமில்லா லீவுக்கு ஆபீஸ் தரும் கடிதம் எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். இழந்த வருமானத்தை இவற்றைக் கொண்டுதான் கணக்கிடுவார்கள்.

காயம் உள்ள விபத்தில் பிரேக், ஸ்டியரிங் பார்க்க மோட்டார் பரிசோதகர் வரும்வரை கார் பொலிஸ் முற்றத்தில் நிற்கும். பிறகு நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம். "குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டப்பணத்தோடு இன்றைக்கே முடியும்" என்று யாராவது காதில் சொல்வார்கள். ஒத்துக்கொண்டது பின்னால் சிவில் வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக வரும். சட்டத்தரணியையும் காப்புறுதிக் கம்பனியையும் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

தப்பு இரு பக்கமும் இருந்தால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பங்கு பிரிப்பார்கள். உங்கள் நட்டம் 10 லட்சம், சிக்னல் போடாமல் திரும்பியதற்கு உங்கள் பங்கு 30 வீதம் என்று நீதிபதி கண்டால் கையில் வருவது 7 லட்சம். வழக்குப் போட விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுதான். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அந்தக் கெடு நிற்காது. கம்பனிகள் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுப்பதில் இந்தக் கணக்கும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இந்திய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள். ஊரில் எடுத்த சர்வதேச பெர்மிட்டுக்கும் இங்கே அங்கீகாரம் வாங்க வேண்டும். வதிவிட விசா உள்ளவர் வெரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உள்ளூர் அனுமதிப்பத்திரமாக மாற்றிக்கொள்வது நல்லது. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லை என்பது காப்புறுதிக் கம்பனி கையை விரிக்க நல்ல சாக்கு. அப்படி ஒரு நிலையில் பக்கத்து சீட்டில் இருந்தவர்தான் ஓட்டினார் என்று சொல்லிவிடலாமென்று தோன்றும். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு கேமரா, பொய் என்று தெரிந்தால் கோரிக்கையும் போகும், வேறு வழக்கும் வரும்.