ஒரே லீக்கிலிருந்து நாலு பேரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உலகத்தில் இத்தனை லீக் இருக்க, ஸ்காட்லாந்தின் கால்பந்து கிளப்பான செல்டிக் ஜப்பானிலிருந்தே வரிசையாக ஆட்களை எடுத்தது ஏன்? ஜப்பானில் ஜெர்சி விற்கத்தானே?

பதில்: ஜெர்சியும் விற்றிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு நட்சத்திரம் போதும். 2005-ல் இத்தாலியின் ரெஜினா கிளப்பிலிருந்து வந்த ஷுன்சுகே நகமுரா ஒருவரே அந்த வேலையைச் செய்தார். 2006 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக்கை செல்டிக் ரசிகர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

2021-ல் நடந்தது வேறு கதை. அதற்கு முந்தைய சீசனில் செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல், 25 புள்ளி முன்னால் நின்று பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. தொடர்ந்து பத்தாவது பட்டம் என்ற செல்டிக்கின் கனவு மண்ணாய்ப் போனது, கேப்டன் ஸ்காட் பிரவுனும் கிளம்பிவிட்டார், அணியையே புதிதாகக் கட்ட வேண்டிய நிலை. அப்போது மேனேஜராக வந்தவர் ஆஞ்சே போஸ்டகோக்லு. வந்தது எங்கிருந்து? யோகோஹாமா எஃப் மரினோஸ் கிளப்பிலிருந்து. அந்த அணியோடு 2019-ல் ஜப்பானின் லீக்கான ஜே லீக் பட்டம் ஜெயித்தவர். சுருக்கமாகச் சொன்னால் அவர் ஜப்பானில் ஆள் தேடவே இல்லை, ஏற்கனவே அறிந்த ஆட்களைக் கூப்பிட்டார். விஸ்ஸல் கோபேயின் கியோகோ ஃபுருஹாஷியை எதிரணியில் வைத்துப் பார்த்தவர். டைசென் மயேடா அவருடைய சொந்த ஆட்டக்காரர். ரெயோ ஹடாடே கவாசாகி ஃப்ரண்டாலேயில், அதாவது அந்த லீக்கை 2020, 2021 இரண்டு வருடமும் ஜெயித்த அணியில் ஆடிக்கொண்டிருந்தார். கிளப்புக்காக ஆள் தேடும் ஒரு ஸ்கவுட் மூன்று நான்கு ஆட்டம் பார்த்து எழுதும் அறிக்கைக்கும், வாரம் தவறாமல் அந்த லீக்கிலேயே மல்லுக்கட்டிய மேனேஜரின் பார்வைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

கியோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமில்லை, உடம்பில் பெரிய பலம் தெரியாது, வயது 26 ஆகிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் எந்த பிரிட்டிஷ் கிளப்பும் ஸ்ட்ரைக்கராக எடுக்கத் தயங்கும். ஆனால் அவர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத பக்கம். பக்கவாட்டிலிருந்து பந்து (கிராஸ்) வரும் நொடியில் குறுக்கே வெட்டி முன் கம்பத்துக்கு ஓடுவார், டிஃபெண்டர் திரும்புவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். 2021 டிசம்பர் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் ஹிபர்னியன் ஒரு கோல் போட்டு முன்னிலை பெற்ற அடுத்த நிமிடமே பதில் கோல் போட்டார். அப்புறம் சக ஆட்டக்காரர் டாம் ரோஜிச் எதிரணி அசந்த நேரத்தில் சட்டென்று ஃப்ரீ கிக்கைத் தட்டிவிட, கோல்கீப்பர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தையே முடித்தார். 2-1. அந்த கோலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: பெரும்பாலும் ஜனவரியிலேயே இந்த வேட்டை நடக்கிறதே, காரணம் உண்டா?

பதில்: உண்டு, முழுக்க காலண்டர் கணக்கு. ஜே லீக் சீசன் 2025 வரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது வழக்கமாக இருந்தது. ஐரோப்பாவில் ஆட்டக்காரர்களை வாங்க விற்க அனுமதிக்கும் ஜனவரி டிரான்ஸ்ஃபர் ஜன்னல் திறக்கும்போது அங்கே சீசன் முடிந்து, பலருக்கு ஒப்பந்தமும் முடிகிற நேரமாக இருந்தது. மற்ற நாட்டு கிளப்கள் பாதி சீசனில் யாரையும் விடமாட்டோம் என்று முரண்டு பிடிக்கும், ஜப்பானில் அந்தச் சிக்கல் இருக்கவில்லை. செல்டிக் மயேடா, ஹடாடே, யோசுகே இடேகுச்சி மூவரையும் 2021 டிசம்பர் 31-ம் தேதி ஒரே நாளில் அறிவித்தது. ஜனவரி 17 அன்று ஹிபர்னியனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், நாலாவது நிமிடத்திலேயே மயேடா கோல் அடித்தார். பிப்ரவரி 2 அன்று ரேஞ்சர்ஸை 3-0 என்று சாய்த்த ஆட்டத்தில் ஹடாடே இரண்டு கோல் அடித்தார், மூன்றாவதுக்கும் பந்து கொடுத்தார். அன்று பிடித்த முதலிடத்தை செல்டிக் அந்த சீசன் முடியும்வரை விடவில்லை.

இன்னொரு காரணம் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் விலகியது. 2021 ஜனவரி 1-க்கு முன்பு ஐரோப்பிய யூனியன் ஆட்டக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து ஆடலாம், ஜப்பான்காரருக்குத்தான் வேலை அனுமதி தேவை. அதற்குப் பிறகு எல்லோரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம், எந்தத் தர லீக், கிளப்புக்கு எத்தனை நிமிடம் ஆடினார் என்று புள்ளி போடுகிறார்கள். அந்தக் கணக்கில் சிக்கித்தான் ஜப்பானின் கவோரு மிடோமா 2021-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் சேர்ந்தும் ஒரு சீசன் பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸ் அணிக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, போக வேண்டி வந்தது. ஆனாலும், பக்கத்து நாட்டு ஆட்டக்காரருக்கு இருந்த சலுகை போனதும், தொலைதூர லீக்கைத் தேடிப் போவதில் புதிய லாபம் பிறந்தது உண்மை.

கேள்வி: இதே மாதிரி மொத்தமாக வாங்கி கையைச் சுட்டுக்கொண்ட கிளப் எது?

பதில்: இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட், 2013 ஜனவரி. அதற்கு முந்தைய சீசனில் பிரீமியர் லீக்கில் ஐந்தாவது இடம். பிரெஞ்சு கிளப்களான லில்லிலிருந்து வந்த யோஹான் கபாய், மார்செய்யிலிருந்து வந்த ஹதேம் பென் ஆர்ஃபா இருவரும் பிரமாதமாக ஆடியிருந்தார்கள். பிரான்ஸில் நல்ல ஆட்டக்காரர்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள் என்று கிளப் முடிவு கட்டியது. அது தவறான முடிவும் இல்லை. ஆனால் ஒரே ஜன்னலில் ஐந்து பேரை பிரெஞ்சு லீக்கிலிருந்து இறக்கினார்கள்: தெபூஷி, யாங்கா எம்பிவா, கூஃப்ரான், சிசோகோ, ஹைதாரா.

முதல் வாரங்களில் கொண்டாட்டம்தான். சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே சிசோகோ செல்சிக்கு எதிராக இரண்டு கோல் அடித்து 3-2 என்று ஜெயிக்க வைத்தார். ஏப்ரலில் நிலைமை தலைகீழ். சொந்த மைதானத்தில் பரம எதிரி சண்டர்லாண்டிடம் 0-3, இரண்டே வாரத்தில் அதே மைதானத்தில் லிவர்பூலிடம் 0-6. கடைசியில் 16-வது இடம், தரமிறங்காமல் தப்பியதே பெரிய விஷயம்.

ஐவரும் மட்டமான ஆட்டக்காரர்களா என்றால், இல்லவே இல்லை. தெபூஷி பின்னர் ஆர்சனலுக்குப் போனார், யாங்கா எம்பிவா ரோமாவுக்குப் போய் அதே நகரத்து லாசியோவுக்கு எதிரான டெர்பியில் வெற்றி கோல் அடித்தார், சிசோகோ 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்ஸுக்கு ஆடினார். சிக்கல் வேறு இடத்தில். சிசோகோவுக்கு ஒப்பந்தம் முடிய ஆறே மாதம், அதனால் சொற்ப விலை. வாங்கியதற்கு முதல் காரணம் விலையாக இருந்தால், அணிக்குள் அவர் எந்த இடத்தில் நிற்பார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். அப்புறம், சீசன் நடுவில், ஒரே மாதத்தில், அணியில் பாதிப் பேரை மாற்றினால் யார் யாருக்குப் பந்து போடுவது என்ற பழக்கம் எப்படி வரும்? செல்டிக்கில் மேனேஜரின் ஆட்ட முறை முதலில் வந்தது, ஆட்கள் அதற்கு ஏற்ப வந்தார்கள். நியூகாசிலில் ஆட்கள்தான் முதலில் வந்தார்கள்.

கேள்வி: ஒரே மொழி பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் டிரெஸ்ஸிங் ரூம் இரண்டாகப் பிளக்காதா?

பதில்: பிளக்கலாம், தோற்கும் காலத்தில் குறிப்பாக. ஆனால் நன்மையைப் பலர் பார்ப்பதில்லை. முதலில் வந்தவர் தனியாகத் தவித்துக் கற்றதை எல்லாம், வீடு பிடிப்பது முதல் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பது வரை, அடுத்து வருகிறவருக்கு ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். ஒருவர் நன்றாக ஆடினால் 'அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் இப்படித்தான்' என்கிறோம், ஒருவர் சொதப்பினால் மொத்தப் பேரையும் சேர்த்துத் திட்டுகிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் கணக்கு மனிதர்களிடம் செல்லாது. செல்டிக் ஜப்பானியர்களையே பாருங்கள். மயேடா எதிரணி கோல்கீப்பர் காலில் பந்து போனாலே பாய்ந்து துரத்துகிறவர். ஹடாடே நடுக்களத்தில் பந்தை நிறுத்தி, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறவர். அவர்களோடு ஒரே நாளில் வந்த இடேகுச்சிக்கு ஆட வாய்ப்பே சரியாக அமையவில்லை, லோனில் ஜப்பானுக்கே திரும்பினார். 2022-ல் ஜே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய தோமோகி இவாடாகூட செல்டிக்கில் நிரந்தர இடம் பிடிக்கத் திணறினார். ஒரே லீக், ஒரே மேனேஜர், நாலு பேருக்கும் நாலு கதை.

கேள்வி: கூட்டி வந்த மேனேஜர் போய்விட்டால் அந்த ஆட்டக்காரர்கள் கதி?

பதில்: நியாயமான பயம். போஸ்டகோக்லு 2023-ல் ஸ்காட்லாந்தின் மூன்று கோப்பைகளையும் வென்று கொடுத்துவிட்டு டாட்டன்ஹாம் போனார். பிறகு வந்த பிரெண்டன் ராட்ஜர்ஸின் கீழ் மயேடா 2024-25-ல் முப்பதுக்கும் மேல் கோல் அடித்தார், செல்டிக்கில் அதுவே அவருடைய சிறந்த சீசன். நல்ல ஆட்டக்காரர் மேனேஜர் மாறினாலும் பிழைத்துக்கொள்வார்.

மறுபக்கம் எரிக் டென் ஹாக். 2022-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்ததும் தன் பழைய அயாக்ஸ் அணியிலிருந்து லிசாண்ட்ரோ மார்ட்டினஸையும் அந்தோனியையும் கூட்டி வந்தார். அந்தோனிக்கு மட்டும் சுமார் 9.5 கோடி யூரோ. மார்ட்டினஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார், அந்தோனியோ டச்சு லீக்கில் கிடைத்த இடைவெளி இங்கிலாந்தில் கிடைக்காமல் திண்டாடினார், பின்னர் ஸ்பெயினின் பெட்டிஸுக்கு லோனில் போன பிறகுதான் சிரிப்பு திரும்பியது. ஆட்டக்காரரை அறிந்திருந்தால் மட்டும் போதாது, அவர் வந்து சேரும் லீக் அவருக்கு என்ன செய்யும் என்பதையும் கணிக்க வேண்டும்.

கேள்வி: இப்படி அள்ளிக்கொண்டு போனால் விற்கும் லீக் காலியாகிவிடாதா?

பதில்: ஜப்பானில் அப்படி ஆகவில்லை. கியோகோ போன பிறகு விஸ்ஸல் கோபே 2023, 2024 என இரண்டு பட்டம் ஜெயித்தது. மயேடாவை இழந்த யோகோஹாமா 2022-ல் ஜெயித்தது. கியோகோ சூவோ பல்கலைக்கழகத்திலிருந்தும் ஹடாடே ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்தவர்கள். கல்லூரி அணிகள் வரைக்கும் ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் நாடு அது.

விலைதான் உறுத்துகிறது. டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம் அந்த ஆட்டக்காரரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த அணிகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஒப்பந்தம் முடிந்து சும்மா போனாலோ, சொற்பத் தொகைக்குப் போனாலோ அந்த 5 சதவீதத்தில் என்ன மிஞ்சும்? இதையும் யோசித்துத்தான் ஐரோப்பிய காலண்டரைப் பின்பற்றி, 2026-27 முதல் ஆகஸ்டில் சீசனைத் தொடங்குவது என்று ஜே லீக் முடிவெடுத்தது. இனி ஜனவரியில் கேட்டு வருகிறவர்கள், சீசன் நடுவில் ஆளை இழக்கும் கிளப்பிடம் பேரம் பேச வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.