கூட்டணியில் எதை வாங்கினார்கள்?

கேள்வி: அயர்லாந்தின் பசுமைக் கட்சி இரண்டு முறை கூட்டணி ஆட்சியில் சேர்ந்தது, இரண்டு முறையும் அடுத்த தேர்தலில் நொறுங்கியது. மெக்சிகோவின் பசுமைக் கட்சியோ வெல்லும் கட்சிகளோடு மாறி மாறிச் சேர்ந்து வளர்ந்துகொண்டே போகிறது. சிறிய கட்சிகள் மெக்சிகோவைத்தானே பின்பற்ற வேண்டும்?

பதில்: கூடவே கூடாது. அங்கே கட்சி வளர்ந்திருக்கிறது, உண்மைதான். 2000இல் வலதுசாரிகளோடு சேர்ந்து பிசென்டே ஃபாக்ஸை அதிபராக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே, அவரிடம் ஆட்சியை இழந்த பிஆர்ஐ கட்சியோடு கைகோத்தார்கள். 2018இல் பிஆர்ஐ தோற்றதும், வென்ற மொரேனா கட்சியின் பக்கம் நகர்ந்தார்கள். யுகாத்தான் காட்டை வெட்டி ‘மாயா ரயில்’ பாதை போட்ட அரசுக்கு அவர்கள்தான் தோழமைக் கட்சி! மரண தண்டனை வேண்டும் என்று அவர்கள் பிரசாரம் செய்ததைப் பார்த்து, ஐரோப்பியப் பசுமைக் கட்சி 2009இலேயே உறவை முறித்துக்கொண்டது.

அயர்லாந்துக்கு வருவோம். 2007இல், அதுவரை கடுமையாக எதிர்த்துவந்த ஃபியனா ஃபாயில் கட்சியோடு 6 நாடாளுமன்ற உறுப்பினர்களை வைத்துக்கொண்டு அரசில் சேர்ந்தார்கள். அந்தக் கட்சியோடு ஆட்சி அமைக்கத் தலைமை தாங்க மாட்டேன் என்று வாக்குறுதி தந்திருந்த ட்ரெவர் சார்ஜென்ட், பசுமைக் கட்சித் தலைவர் பதவியைத் துறந்தார். கட்சியோ ஆட்சிக்குள் போனது. தொன்மையான தாரா மலையை ஒட்டிய நெடுஞ்சாலையை நிறுத்தவும் முடியவில்லை. ஷானன் விமான நிலையத்தில் அமெரிக்கப் படைகள் இறங்குவதைத் தடுக்கவும் முடியவில்லை. வங்கிகள் சரிந்தபோது பழியில் மட்டும் பங்கு கிடைத்தது. 2011இல் ஆறு இடங்களும் போயின. வாக்கு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதால் அரசு நிதியும் நின்றது. அந்தத் தோல்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

2020 வேறு கதை. 12 இடங்களோடு பேரத்துக்கு உட்கார்ந்தவர்கள், கேட்டதை எழுத்தில் வாங்கினார்கள். நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் ஆண்டுக்கு 36 கோடி யூரோ. புதிய சாலைக்கு ஒரு பங்கு என்றால் பொதுப் போக்குவரத்துக்கு இரண்டு பங்கு. ஒப்பந்தத்தைக் கட்சி உறுப்பினர்களின் வாக்குக்கு விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி, 76 சதவீதம் கிடைத்தது. பஸ், ரயில் கட்டணம் 2022இல் 20 சதவீதம் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 2021 பருவநிலைச் சட்டம்: 2030க்குள் உமிழ்வை 51 சதவீதம் குறைத்தாக வேண்டும்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. அயர்லாந்தில் வாக்காளர் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார். பிற கட்சிக்காரர்கள் தரும் இரண்டாம், மூன்றாம் விருப்ப வாக்குகளில்தான் சிறிய கட்சி கரையேறும். ஆட்சியில் உட்கார்ந்த பிறகு எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் அதைத் தருவார்களா? 2024இல் பன்னிரண்டு ஒன்றாகிவிட்டது.

அந்த ஒற்றை இடத்தைக் காட்டி, கூட்டணி தோற்றுவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. 51 சதவீத இலக்கில் அயர்லாந்து பின்தங்கியிருக்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் பின்தங்கினாய் என்று அரசைச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடிகிறது, பசுமைக் கட்சி அமைச்சர் ஒருவர்கூட இல்லாத இன்றைய அரசையும்.