உகந்தையில் கண்ட பெரிய பல்லி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கதிர்காமப் பாதயாத்திரையில், இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள உகந்தை முருகன் கோயிலடியில் தங்கிய சிலர், இரவில் பாறையில் பெரிய பல்லி கண்டதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கல்லாற்றுத் தம்பி: அண்ணே, அது உடும்புக் குட்டியா?

இல்லைத் தம்பி, பல்லியேதான். ஹெமிடாக்டைலஸ் ஹூனே என்பது அதன் அறிவியல் பெயர், இலங்கையில் உள்ள பல்லிகளில் இதுதான் பெரியது, வாலை விட்டுவிட்டு அளந்தாலே 10 சென்டிமீட்டரைத் தாண்டும். உடும்பு பகலில் திரியும், இது இருட்டினால்தான் பாறை வெடிப்பை விட்டு வெளியே வரும். கண்ணிமை கிடையாது, நாக்காலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும் விசயம் ஒன்று: 1937இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இதை முதன்முதலாக விவரித்தது நம் உகந்தையில் கிடைத்த பல்லியை வைத்துத்தான். அப்போது இந்தியப் பல்லி ஒன்றின் கிளையினமாகத்தான் எண்ணினார், 2010இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகே தனி இனமானது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி: சோற்றில் பல்லி விழுந்தால் நஞ்சுதானே?

எந்தப் பல்லிக்கும் நஞ்சு இல்லை. ஆனால் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் அந்தச் சோற்றைக் கொட்டிவிடுவதுதான் சரி.

செட்டிபாளையத்து மாணவர்: கால் எப்படி ஒட்டுகிறது, பசையா சார்?

பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. விரலடியில் உள்ள தகடுகளில் இலட்சக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் இன்னும் பல கிளையாகப் பிரிந்திருக்கும். அவ்வளவு நுனிகள் பாறையை நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் சிறு இழுவிசை, அதாவது வான்டர் வால்ஸ் விசை, மொத்தமாகச் சேர்ந்து உடம்பைத் தாங்கிவிடுகிறது.

அவரே: வால் திரும்ப முளைக்குமா?

முளைக்கும், உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு இருக்கும். வாலில்தான் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது, தயவுசெய்து இழுத்து விளையாடாதீர்கள்.

ஓட்டமாவடியிலிருந்து: பெரிய பல்லிக்கு இலட்சக்கணக்கில் காசு தருவார்களாம், மருந்துக்காம், உண்மையா நானா?

அந்தக் கதை டோக்கே பல்லியைப் பற்றியது. அது வடகிழக்கு இந்தியா தொடங்கி இந்தோனேசியா வரை வாழ்வது, இலங்கைக்கு உரியதே இல்லை. எயிட்ஸைக் குணமாக்கும் என்று யாரோ கிளப்பிய பொய்யால் ஏராளமாகப் பிடித்து விற்றார்கள், 2019இல் காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. அந்தப் பொய்யை நம்பி நம் பாறைப் பல்லியைத் தொடாதீர்கள், உகந்தையைத் தாண்டினால் குமண தேசிய பூங்கா, அங்கே எந்த விலங்கைப் பிடித்தாலும் குற்றம். பார்க்க ஆசையென்றால் தூரத்தில் நின்று, டோர்ச்சைக் கண்ணில் அடிக்காமல் பாருங்கள். கல்லைப் புரட்ட வேண்டாம், இடுக்குகளில் இரண்டிரண்டாக முட்டை இட்டிருக்கும்.