படிப்புக்கேற்ற சம்பளமா? விரிவுரையாளரின் பதில்கள்

பல்கலைக்கழக ஆசிரியர் சம்பளம் பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். முதுநிலை விரிவுரையாளராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நெடுங்கேணி, ஒரு தாய்: சேர், பேராசிரியருக்கு லட்சக்கணக்கில் சம்பளமாம். பிறகேன் போராட்டம்?

அம்மா, பேராசிரியர் ஆகும்போது தலை நரைத்துவிடும். நாலு வருடச் சிறப்புப் பட்டம், அதில் நல்ல வகுப்பு, பிறகு முதுமாணி, கலாநிதி. என்னோடு படித்து வங்கிக்குப் போனவர் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது நான் வாடகை அறையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச அளவு 36 வீதம் ஆனது. லட்சம் என்றாலும் அதன் பெறுமதி குறைந்துவிட்டது. படிக்க வெளிநாடு போன பலர் திரும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மாங்குளம்: கொழும்பிலும், வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவிலும் ஒரே சம்பளமா?

ஓம். அரச பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஒரே சம்பளத் திட்டம்தான்.

கிளிநொச்சி, ஓர் ஆசிரியை: மனம்வைத்துப் படிப்பிப்பவருக்கும் பழைய குறிப்பை வாசிப்பவருக்கும் ஒன்றா?

ஒன்றுதான். எனக்கு வலிக்கும் இடமும் இதுதான். புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒருத்தி, முதலாம் வருடம். விரிவுரை முழுவதும் ஆங்கிலம். அவளுடைய கொப்பியில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தாள். நாலு மணிக்குப் பிறகு, கடைசி பஸ் வரும்வரை இருவரும் இருந்து படிப்போம். ஒரு தவணை முழுக்க அப்படித்தான். அந்தப் பின்னேரங்களைப் பதவி உயர்வுப் படிவத்தில் எங்கே எழுதுவது? ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு, வேண்டியதுதான். ஆனால் போரில் பள்ளிக்கூடமே இழந்த ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிவிடும் வேலைக்கும் புள்ளி வேண்டும்.

முல்லைத்தீவு: 2012 வேலைநிறுத்தத்தில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வீதம் கேட்டது சம்பளத்துக்கா?

இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னார்கள். சம்பள உயர்வு தனிக் கோரிக்கை. ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் நடந்தது.

வவுனியா: தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். நிற்பதா, போவதா?

தங்கச்சி, ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். நிரந்தர விரிவுரையாளர் சம்பளத்தோடு படிக்கப் போனால் பிணை எழுதவேண்டும், திரும்பாவிட்டால் பணம் கட்டவேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. உதவித்தொகையுள்ள கலாநிதிப் படிப்புக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் ஆய்வை நடத்திய ஆசிரியரிடம் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.